கழுவாமல் கொண்டு வாருங்கள்

குழந்தைகளின் குடல், ஈரல் நோய்களுக்கென்றே படித்த பெண் டொக்டர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை கண்டியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு ஒப்புக்கொண்டார். அதற்கான ஏற்பாடுகளைப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. நான் டொக்டரும் அல்ல, தாதியும் அல்ல; அலுவலகத்தில் இருக்கும் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர். சிங்களத்தில் கேட்டதைத் தமிழிலும் தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்பதற்காக என்னைப் போட்டிருக்கலாம்.

முதலில் அறை தேவைப்பட்டது. பல் வைத்தியப் பகுதிக்குப் பக்கத்தில் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து வெள்ளையடித்தோம். மேசையைச் சுவரோரம் போட்டு, அதற்கு நேர் மேலே புதிய குழல்விளக்கும் பூட்டி வைத்தேன். முதல் நாள் வந்த டொக்டர் விளக்கை அணைத்துவிட்டு மேசையை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னார். "இந்த வேலைக்கு விளக்கு வெளிச்சத்தை நம்ப ஏலாது. நிறம் மாறித் தெரியும்" என்றார். எந்த நிறத்தைச் சொல்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு நாள். வெள்ளி என்றால் முஸ்லிம் தகப்பன்மார் ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை வெளிநோயாளர் பகுதியில் நிற்க இடம் இருக்காது. கடைசியில் வியாழன் என்று முடிவானது. நாவுல பக்கத்திலிருந்து வருபவர்கள் தம்புள்ளை பஸ்ஸில் குழந்தையோடு நின்றுகொண்டே வர வேண்டியிருந்ததால், அவர்களுக்கு முற்பகல் பிந்திய இலக்கங்களையும், டவுனில் இருப்பவர்களுக்கு முந்திய இலக்கங்களையும் கொடுத்தேன். கிளினிக்குக்கு முந்திய நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து நினைவூட்டினேன்.

அந்த போன் பேச்சில் மறக்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு இருந்தன. இரண்டையும் அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டோம்.

ஒன்று, குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டி வரும்படி. முதல் கிளினிக்குக்கு வந்த குழந்தைகளில் அநேகமானோர் பட்டினியோடு வந்திருந்தார்கள். "வயித்து டொக்டர்தானே மிஸ், வயிறு காலியா இருந்தாத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்று ஒரு தகப்பன் எனக்கே விளக்கம் சொன்னார். பசியில் அழுகிற பிள்ளைகளின் வயிற்றை அழுத்திப் பார்த்து, எது வலி, எது பசி என்று பிரிக்க முடியாமல் டொக்டர் திணறினார்.

மற்றது, கைக்குழந்தையாக இருந்தால் இடுப்பில் கட்டும் நெப்பித் துணியைக் கழுவாமல் கொண்டு வரும்படி. அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் டொக்டரிடம் போவதென்றால் குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பெருநாளுக்கு உடுத்திய சட்டையை உடுத்தித்தான் கொண்டு போவார்கள். ஏழையோ வசதியுள்ளவரோ, இந்துவோ முஸ்லிமோ, இதில் வேறுபாடு இல்லை. மரியாதைக்குரிய ஒருவர் முன்னால் அசிங்கத்தை வைப்பதா? நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் கொண்டு போனேன். டொக்டர் "மலம் என்ன நிறம்?" என்று கேட்பார். தாய்மார் தலையைக் குனிந்து "சாதாரணம்தான்" என்பார்கள். அதோடு முடிந்தது. நிறத்தைத்தான் அவர் முதலில் பார்க்க வேண்டும் என்பது மெல்ல மெல்ல எனக்கு விளங்கியது.

"நெப்பிய கழுவாமக் கொண்டு வாங்க" என்று நான் போனில் சொன்னால் மறுமுனையில் திரும்பவும் சொல்லச் சொல்வார்கள். "மிஸ், நீங்க பகிடிக்குச் சொல்லல்லயே?" என்று ஒருவர் கேட்டார். ஒரு தகப்பன் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, மேலே புதுத் துவாய் சுற்றி, சிஸ்டரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். சிஸ்டர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, "என்ன விசேஷம், பிறந்தநாளா?" என்றார். அந்தக் கதையைச் சொல்லி நாங்கள் பல மாதம் சிரித்தோம்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு காலத்தில்தான் அந்தப் பெண் குழந்தை வந்தது.

நாவுலவுக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து தாயும் மாமியாரும் கொண்டு வந்தார்கள். தாய் இருபது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். அவளுக்கு முதல் பிள்ளை. கணவன் தம்புள்ளைச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறியில் போகிறவர். அன்று வேலையில் இருந்தார். அவர்களுக்கு யாரும் போன் எடுத்திருக்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டியபோது, மஞ்சள் இன்னும் இறங்கவில்லை என்று எழுதி, அன்று காலையில்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

குழந்தை பார்க்க அழகாக இருந்தது. கை கால் மடிப்பு மடிப்பாக, நல்ல நிறை. கண்ணின் வெள்ளையில் மட்டும் மஞ்சள் படிந்திருந்தது. மாமியார் ஐம்பது, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். பேச்சில் உற்சாகம் உள்ளவர். வெளியே போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்ததும் அதில் இருந்த எல்லோரோடும் பழகிவிட்டார்.

உள்ளே அழைத்ததும் டொக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். மஞ்சள் எப்போதிலிருந்து? பிறந்ததிலிருந்தே கொஞ்சம் இருந்தது. வீட்டுக்கு வந்த மருத்துவமாது, குறையாவிட்டால் கொண்டு போய்க் காட்டும்படி சொல்லியிருந்தார். "குறையிற மாதிரித்தான் இருந்துது மிஸ். நாப்பது நாள் கழியட்டும் எண்டு இருந்தோம். புள்ள பெத்தவ வீட்ட விட்டு வெளிய இறங்க ஏலாதுதானே. பிறகு தாய் வீட்டுக்குப் போய் வந்தா" என்றார் மாமியார். குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்து மேலும் சில நாட்கள் ஆகியிருந்தன.

மலத்தின் நிறம் கேட்கப்பட்டது. இளம் தாய் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமியாரின் முகம் மலர்ந்தது. "அதுல ஒரு குறையும் சொல்ல ஏலாது மிஸ். பால் மாதிரி வெள்ள வெளேர் எண்டு போகும். நாத்தமே இல்ல. அடுத்த வீட்டாக்களும் கேட்டாங்க, என்ன கொடுக்கிறீங்க எண்டு. எங்கட மருமகள் அப்படிப் பத்தியம் காத்தா. மிளகுக் கறியும் உள்ளியும் தவிர வேற வாயில வைக்கல்ல. பால் மட்டும் குடிக்கிற புள்ள, பால் சுத்தமா இருந்தா அதும் சுத்தமாத்தானே போகும்?"

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். பாதியிலேயே டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"பார்க்க வேணும்" என்றார். "நெப்பி இருக்கா?"

இருந்தது. பை நிறைய இருந்தது. எல்லாம் கழுவி, காய வைத்து, நான்காக மடித்தவை. குழந்தையையும் புறப்படுவதற்கு முன்பே எல்லாம் முடித்து, குளிப்பாட்டிக் கொண்டு வந்திருந்தார்கள்.

"அப்ப காத்திருப்போம்" என்றார் டொக்டர்.

தாய் வெளியே வாங்கில் உட்கார்ந்து, முந்தானையால் மூடிப் பால் கொடுத்தாள். மற்றக் குழந்தைகளை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினேன். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்ற செய்தி வாங்கு முழுவதும் பரவியது.

"என்ன, இளவரசி இன்னும் மனசு வைக்கல்லையா?" என்று ரத்தோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் கேட்டாள்.

"எங்கட வீட்டுல எண்டா நேரம் காலம் பார்க்காது. இங்க ஆக்களக் கண்டு வெக்கப்படுறா" என்றார் மாமியார்.

"எங்க மூத்தவன் ஓ எல் பரீட்சை ரிசல்ட் வர்றப்பக்கூட இப்படிக் காத்துக்கிட்டு இருக்கலிங்க" என்றாள் அந்தத் தாய்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார்தான் அதிகமாகச் சிரித்தார். டொக்டர் திரும்பிப் போவதற்கு வாகனம் வந்துவிட்டது. சாரதி இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். டொக்டர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு மாமியாரின் குரல் கேட்டது. "மிஸ்! மிஸ்! வந்துட்டுது!" மருந்துக்காக நின்ற ஒன்றிரண்டு பேர் கை தட்டினார்கள். நான் வெளியே வருவதற்குள் அவர் நெப்பியைக் கழற்றிக்கொண்டு பழக்கத்தில் குழாய்ப்பக்கம் நடந்துவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"வேணாம் உம்மா. அப்படியே கொண்டு வாங்க."

"ஐயோ, இத அந்த டொக்டர் நோனாட மேசையிலயா வைக்கிற?"

"அங்கதான் வைக்கணும்."

ஜன்னல் வெளிச்சத்தில் துணியை விரித்தார்கள். கோதுமை மாவைத் தண்ணீரில் குழைத்து வைத்தது போல இருந்தது. மஞ்சளோ பச்சையோ ஒரு துளியும் இல்லை. மாமியார் பக்கத்தில் நின்று, பார்த்தீர்களா என்பது போல டொக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் கதிரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனமாகச் சொல்லி, நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். மலத்துக்கு நிறம் கொடுப்பது ஈரலில் ஊறும் பித்தம். நிறம் இல்லை என்றால் பித்தம் குடலுக்கு இறங்கவில்லை. இறங்கும் வழி அடைபட்டிருக்கிறது. அடைபட்ட பித்தம் ஈரலுக்குள்ளேயே நின்று அதைக் கெடுக்கும். புதுவழி செய்ய ஓர் ஆபரேஷன் இருக்கிறது. அதைக் குழந்தை பிறந்து இரண்டு மாதத்துக்குள் செய்தால் நல்லது. பிந்தப் பிந்த, சரிவரும் சந்தர்ப்பம் குறையும். இப்போதே பிந்திவிட்டது. இருந்தாலும் செய்து பார்க்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை தப்பாது.

கடைசி வசனத்தைச் சொல்வதற்கு முன் நான் ஒருமுறை டொக்டரைப் பார்த்தேன். சொல்லும்படி தலையசைத்தார். சொன்னேன்.

"எப்போதிலிருந்து இந்த நிறம்?" என்று டொக்டர் கேட்டார்.

"பொறந்து ரெண்டு கிழமைக்குள்ளயே இப்படித்தான். எனக்குத் தெரியும், நான்தானே எல்லாத்தையும் கழுவின. பச்ச உடம்புக்காரி, குளிர் தண்ணியில கை வைக்கக்கூடாது எண்டு அவள ஒரு துணி தொட விடல்ல நான். ஒரு நாளும்..." தொடங்கியபோது குரலில் முந்திய பெருமை இருந்தது. முடிக்கும்போது இல்லை. வாக்கியத்தை அவர் முடிக்கவுமில்லை.

"நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன் மிஸ்" என்றாள் தாய். யாரையும் குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலைக்குள் கொழும்பு ஆஸ்பத்திரியில் கட்டில் ஒன்று ஏற்பாடாகியது. டொக்டர் தன் போனில் யார் யாரிடமோ பேசினார். நான் அம்புலன்ஸுக்கான கையெழுத்துகளை வாங்கினேன். தகப்பன் தம்புள்ளையிலிருந்து நேரே வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வெங்காயச் சருகு. அவருக்கு யாரும் ஒழுங்காக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "உம்மா அழுறாங்க, என்ன எண்டு சொல்றாங்க இல்ல" என்று என்னிடம் கேட்டார். நான் மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

அந்தக் கிழமையே ஆபரேஷன் நடந்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். "செய்திருக்கிறாங்க. பித்தம் இறங்குதா என்று இனித்தான் தெரியும். நிறம் வந்தா இறங்குது" என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் ஒரு கிளினிக்கையும் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறையும் மாமியார் நெப்பிகளைக் கழுவாமல் கொண்டு வந்தார். முந்திய நாளுடையது, அன்று காலையுடையது என்று தனித்தனிப் பைகளில் கட்டி, எது எது என்று சொல்லி மேசையில் வைப்பார். அந்த நோனாவின் மேசை என்ற கூச்சம் போய்விட்டது. டொக்டர் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பார். வெள்ளை. மூடி வைப்பார். மருந்துகளைக் கூட்டுவார். வாங்கில் மாமியார் இப்போது யாரோடும் பேசுவதில்லை. அருகில் வந்து உட்கார்கிற புதிய தாய்மாரின் பிள்ளைகளை மட்டும் உற்றுப் பார்ப்பார்.

ஒரு மாதம் அவர்கள் இலக்கத்துக்குக் காத்திராமல் நேரே என்னிடம் வந்தார்கள். மாமியார் பையை என் கையிலேயே தந்தார். "பாருங்க மிஸ். நீங்களே பாருங்க. அல்ஹம்துலில்லாஹ்." திறந்து பார்த்தேன். மஞ்சள். மங்கலாக இருந்தாலும் மஞ்சள்தான். இளம் தாய் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். இன்னொருவரின் இடத்தை மாற்றி அவர்களை முதலாவதாக உள்ளே அனுப்பினேன். வேறு எப்போதும் நான் வரிசையை அப்படி மாற்றியதில்லை.

டொக்டர் நெடுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைப் பார்க்கும் மரத் தகடு ஒன்றை எடுத்து, அதனால் மலத்தை இரண்டாகப் பிளந்தார். வெளியே மஞ்சள், உள்ளே அதே வெள்ளை.

"மூத்திரத்தின் மஞ்சள்" என்றார் மிக மெதுவாக. "மேலே ஊறியிருக்கு."

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மாமியார் சிங்களம் நன்றாக அறிந்தவர். ஆனாலும் என் பக்கம் திரும்பி, நான் தமிழில் சொல்வதற்காகக் காத்து நின்றார். வேறு ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. நான் டொக்டர் சொன்னதையே சொன்னேன்.

அதன் பிறகு குழந்தையின் வயிறு பெருத்தது. கை கால்கள் மெலிந்தன. மாற்று ஈரல் பற்றிக் கொழும்பில் பேசி, தகப்பனின் ஈரலில் ஒரு துண்டு பொருந்துமா என்று பரிசோதிக்க ஒரு நாளும் கொடுத்திருந்தார்கள். தான் லொறியில் போகாமல் இருந்தால் உடம்பு தேறும், ஈரலும் நல்லதாக இருக்கும் என்று அவர் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அந்த நாள் வருவதற்கு முன் ஒரு புதன்கிழமை, மறுநாள் கிளினிக்குக்காக நான் வழக்கம்போல் போன் எடுத்தேன். அவர்தான் பேசினார்.

"புள்ள மௌத்தாகிட்டுது மிஸ். நேத்து அடக்கினோம்." பிறகு, "உங்களுக்குச் சொல்ல நினைச்சோம். நம்பரத் தேடிக்கொண்டு இருந்தோம்" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

அவர்களுக்கு வைத்திருந்த நேரத்தை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. டொக்டர் அந்த நேரத்தில் ஜன்னலோரம் சும்மா இருந்தார்.

சில கிழமைகள் கழித்து, கிளினிக் இல்லாத ஒரு நாளில், மாமியார் தனியாக அலுவலகத்துக்கு வந்தார். மருமகள் தாய் வீட்டில் இருப்பதாகவும் உடம்பு தேறி வருவதாகவும் சொன்னார். மகன் மறுபடியும் லொறியில் போகிறார். உட்காரச் சொன்னேன். கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஒண்டு கேட்கணும் மிஸ். வீட்டுல கேட்டா எல்லாரும் நஸீப், விதி எண்டு சொல்றாங்க. நஸீப் எண்டு எனக்கும் தெரியும். அத நான் கேட்கல்ல."

"கேளுங்க உம்மா."

"நான் அந்த நெப்பிய முதல்லயே யாருக்காவது காட்டியிருந்தா, புள்ள இருந்திருக்குமா?"

டொக்டர் ஒருமுறை என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. "சரியான காலத்துல ஆபரேஷன் செஞ்சும் சில புள்ளைகளுக்குப் பித்தம் இறங்குறதில்லைன்னு டொக்டர் சொன்னாங்க" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "டொக்டர் சொன்னதா, இல்லாட்டி எனக்காக நீங்க சொல்றதா?"

"டொக்டர் சொன்னது."

"சரி." கைகளை மடியில் வைத்து, விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். துணி துவைத்துத் துவைத்துத் தோல் வெளிறிய கைகள். "சில புள்ளைகளுக்கு இறங்காது. அப்ப மத்தப் புள்ளைகளுக்கு இறங்கும். அப்படித்தானே?"

வெளியே யாரோ ஒருவர் மருந்துச் சிட்டையின் இலக்கத்தை உரத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட எனக்கு ஒரு வழி இருந்தது. கேட்காதது போல அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் பஸ் ஏறி அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"அப்படித்தான் உம்மா" என்றேன்.

அவர் தலையசைத்தார். அழவில்லை. "ஒருத்தராவது நேராச் சொன்னீங்க" என்றார். எழுந்து தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். நானும் எழுந்து பஸ் நிற்கும் இடம்வரை கூடப் போனேன். தம்புள்ளை பஸ் நிறைந்து வந்தது. மிதிபலகையில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகச் சொல்லிக் கத்திய நடத்துனரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லி, கூட்டத்துக்குள் நகர்ந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போன பிறகும் நான் சிறிது நேரம் அங்கே நின்றேன்.